எண்ணெயும் இன்னொருவர் கையும்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே அடிக்கடி காதில் விழும் இரண்டு பேச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதே இல்லை. ஒன்று, "அந்த ஊழியக்காரருக்கு நல்ல அபிஷேகம் இருக்கு" என்பது. இன்னொன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் தணிந்த குரலில் கேட்கப்படுவது: "சாமியாரைக் கூப்பிட்டுப் பூசுதல் கொடுத்தாச்சா?" முதல் பேச்சில் அபிஷேகம் என்பது ஒருவர் கைவசம் வைத்திருக்கும் வல்லமை. கூட்டத்துக்குக் கூட்டம் அதன் அளவு ஏறும், இறங்கும். சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. இரண்டாவது பேச்சில், நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசும் அந்தச் சடங்கு மரணத்தின் முன்னறிவிப்பு. பெரும்பாலும் முதலாவது பெந்தெகொஸ்தே சபைகளில் புழங்குவது, இரண்டாவது கத்தோலிக்க வீடுகளில். வேர் ஒரே எண்ணெய்தான். அந்த எண்ணெயின் கதையை முதலிலிருந்து பார்த்தால், இந்த இரண்டு அர்த்தங்களுமே பிற்காலத்தில் வந்து ஏறியவை என்று தெரியும். முதலில் இருந்த ஒன்று இரண்டிலும் மறைந்துபோய்விட்டது: எண்ணெய் பூசும் கை எப்போதும் இன்னொருவருடையது.

ஐந்து சரக்கு, ஒரு செய்முறை

யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் செய்முறை அளவோடு இருக்கிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின். ஒரு சேக்கலைச் சுமார் 11.4 கிராம் என்று வைத்தால் போளம் 5.7 கிலோ, கருவாப்பட்டையும் வசம்பும் தலா 2.85 கிலோ, இலவங்கப்பட்டை 5.7 கிலோ. மொத்தச் சரக்கு 17 கிலோவுக்கு மேல். ஹின் என்ற அளவை ஆய்வாளர்கள் ஏறக்குறைய 4 முதல் 6 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 17 கிலோ உலர்ந்த பட்டையையும் பிசினையும் 5 லிட்டர் எண்ணெயில் நேராகப் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சமையல் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். எண்ணெய் முழுவதையும் பட்டை உறிஞ்சிக்கொள்ளும். வடித்தெடுக்க எதுவும் மிஞ்சாது.

யூத ரபிகளும் இதே கேள்வியைக் கேட்டார்கள். வேர்களையும் பட்டைகளையும் எண்ணெயிலேயே வேகவைத்தார்கள் என்றார் ரபி யூதா. ரபி யோசே அதை மறுத்தார்: அவ்வளவு எண்ணெய் வேர்களின் மேல் தடவக்கூடப் போதாது, ஆகவே சரக்குகளை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, அதன்மேல் எண்ணெயை ஊற்றி, மணம் ஏறியதும் எண்ணெயை மட்டும் எடுத்திருக்க வேண்டும். யூதச் சட்டவிளக்க நூலான பாபிலோனியத் தல்மூதில் பதிவான இந்த விவாதத்தை 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் முழுச் செய்முறையாக்கினார்: சாறு இறங்கும்வரை நீரில் ஊறவை, எண்ணெய் சேர், நீர் முழுவதும் வற்றும்வரை காய்ச்சு. நம் வைத்தியர்கள் கஷாயம் சேர்த்துத் தைலம் காய்ச்சும் முறை அப்படியே இதுதான். நீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், பட்டை தீயாது. நீர் வற்றியதும் சடசடப்பு அடங்கும். அங்கேயே இறக்கிவிட வேண்டும். முன்னால் இறக்கினால் மிஞ்சிய ஈரம் எண்ணெயைக் கெடுக்கும். தாமதித்தால் மணம் ஆவியாகிப் போய்க் கருகல் வாடைதான் மிஞ்சும். "தைலக்காரன் செய்கிறபிரகாரம்" என்று வேதமே சொல்வது இதனால்தான். செய்தவர் பெயரும் இருக்கிறது, பெசலெயேல். அவர் ஆசாரியர் அல்ல, கைவினைஞர்.

கிழக்கத்தியத் திருச்சபைகளில் இந்தக் காய்ச்சும் வேலை இன்றும் நடக்கிறது. அங்கே இதன் பெயர் மூரோன். ரஷ்யத் திருச்சபை மாஸ்கோவின் தொன்ஸ்கோய் மடத்தில் புனித வாரத்தின் திங்கள் தொடங்கிப் புதன்வரை அண்டாக்களில் காய்ச்சும். அடியில் எண்ணெய் தீயாமலிருக்கத் திராட்சை மதுவைச் சேர்ப்பார்கள். காய்ச்சும் நேரம் முழுக்க நற்செய்தி வாசிக்கப்படும். கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதுவர் ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை 57 சரக்குகளோடு செய்கிறார். ஆர்மீனியர்கள் தங்கள் தலைமைப் பீடமான எச்மியாட்சினில் 7 ஆண்டுக்கு ஒருமுறை செய்து, பழைய மூரோனில் கொஞ்சத்தைப் புதியதில் கலப்பார்கள். அப்படித் தலைமுறைகளாக ஒரே எண்ணெய் தொடர்வதாக நம்பிக்கை. மேற்கத்தியக் கத்தோலிக்கர்கள் எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டார்கள்: ஒலிவ எண்ணெய், அதில் பால்சம் என்ற நறுமணப் பிசின், அவ்வளவே. அதன் பெயர் கிறிஸ்மா. அதை அர்ச்சிப்பவர் ஆயர் மட்டும். மறைமாவட்டத்துக்கு வேண்டியதை ஆண்டுக்கு ஒருமுறை, புனித வியாழன் கிறிஸ்மா திருப்பலியில், அல்லது வசதிக்காக அதற்கு முந்திய ஒரு நாளில் செய்வார். மந்திரிப்புக்கு முன் பாத்திரத்தின் வாய்மேல் அவர் ஊதுவதைக் கவனித்தவர்கள் இருப்பார்கள்.

யாத்திராகம எண்ணெய்க்குப் போகிறவர்கள் எளிதாகத் தாண்டிவிடும் செய்தி ஒன்று உண்டு. முதல் பிரதான ஆசாரியனான ஆரோனுக்கு முன்பு அது எதன்மேல் பூசப்படுகிறது? கூடாரம், சாட்சிப்பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், பலிபீடம், தொட்டி, அதன் பாதம். மேஜைக்கு என்ன வல்லமை ஏறப்போகிறது? விளக்குத்தண்டு பிரசங்கம் செய்யப்போவதில்லை. எண்ணெய் சொல்வது ஒன்றுதான்: இது இனி வீட்டுப் பொருள் அல்ல, கடவுளின் பணிக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் அதே எண்ணெய் ஆரோன் தலையில் வார்க்கப்படும்போதும் பொருள் மாறவில்லை; அவனும் இனி தன் சொத்து அல்ல. அதனால்தான் இதைப்போல இன்னொன்று செய்யாதே, மனித சரீரத்தில் ஊற்றாதே என்று அவ்வளவு கடுமையான தடை. மீறுகிறவன் ஜனத்தாரிலிருந்து அறுப்புண்டு போவான்.

குஷ்டரோகிக்கும் அதே இடங்களில்

லேவியராகமத்தில் இரண்டு அதிகாரங்களை அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். 8-ஆம் அதிகாரத்தில் ஆரோனும் குமாரரும் ஆசாரியராக ஏற்படுத்தப்படுகிறார்கள். பலியின் இரத்தம் அவர்களுடைய வலதுகாது மடலிலும், வலதுகைப் பெருவிரலிலும், வலதுகால் பெருவிரலிலும் பூசப்படுகிறது. 14-ஆம் அதிகாரத்தில், பாளயத்துக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருந்த குஷ்டரோகி குணமாகித் திரும்புகிறான். அவனுக்கும் அதே மூன்று இடங்களில் இரத்தம். அந்த இரத்தத்தின் மேலேயே எண்ணெய். ஆசாரியன் தன் இடது உள்ளங்கையில் எண்ணெயை வார்த்து, வலதுகை விரலால் தொட்டு, ஏழுதரம் கர்த்தருடைய சந்நிதியில் தெளித்து, பிறகு மூன்று இடங்களிலும் பூசி, கையில் மிஞ்சியதை அவன் தலையில் தடவ வேண்டும். இது ஐந்து சரக்கு சேர்த்த பரிசுத்த தைலம் அல்ல, சாதாரண எண்ணெய். ஆனால் சைகை ஆசாரியனுக்குச் செய்ததே.

ஏழைக்கான சலுகையில் ஒரு நுட்பம் உண்டு. வசதியுள்ளவன் மூன்று ஆட்டுக்குட்டிகளும் எப்பா என்ற அளவில் பத்தில் மூன்று பங்கு மாவும் ஒரு லோக் எண்ணெயும் கொண்டுவர வேண்டும். முடியாதவனுக்கு ஆடு ஒன்றாகக் குறைகிறது, மற்றவற்றுக்குப் பதில் புறா போதும். மாவு பத்தில் ஒரு பங்காகிறது. எண்ணெய் மட்டும் குறையவில்லை, அதே ஒரு லோக். ஹின்னில் 12-இல் ஒரு பங்கு, நம் கணக்கில் ஒரு டம்ளர் அல்லது அதற்குச் சற்று மேல். ஏழையைச் சமூகத்துக்குள் திரும்பச் சேர்க்கும் இடத்தில் எண்ணெயில் தள்ளுபடி கிடையாது. பிற்காலத்தில் நோயாளிக்கு எண்ணெய் பூசுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: விலக்கி வைக்கப்பட்டவனை மீண்டும் உள்ளே சேர்த்துக்கொள்வது.

"அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே"

அரசனுக்கு எண்ணெய் வார்ப்பது இஸ்ரவேலர் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த கி.மு. 14-ஆம் நூற்றாண்டுக் களிமண் கடிதங்களில் ஒன்று, சிரியப் பகுதியான நுகாஷே நாட்டு மன்னன் பார்வோனுக்கு எழுதியது. உங்கள் முன்னோர் என் பாட்டனாரை அரசனாக்கித் தலையில் எண்ணெய் வைத்தார் என்று அதில் நினைவூட்டுகிறான். பெரியவர் சிறியவரைத் தம் பொறுப்பில் அமர்த்தும் சைகை அது. சாமுவேல் சவுல் தலையில் தைலக்குப்பியைக் கவிழ்க்கும்போதும், தாவீதுக்குக் கொம்பிலிருந்து வார்க்கும்போதும், ஆசாரியன் சாதோக் கீகோன் ஊற்றருகே சாலொமோனுக்கு வார்க்கும்போதும் இஸ்ரவேலர் அதைப் புரிந்துகொண்டது அப்படித்தான். ஒரே வித்தியாசம், அங்கே பெரியவர் கடவுள்.

சவுலிடம் வருவோம். கர்த்தருடைய ஆவி அவனை விட்டு நீங்கிவிட்டது என்று 1 சாமுவேல் 16 தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பிறகும், தன்னைக் கொல்லத் தேடியலைந்து குகையில் கைக்கெட்டும் தூரத்தில் வந்த சவுலை, கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்பதால் தாவீது கொல்லவில்லை. அபிஷேகம் என்பது வல்லமை என்றால், ஆவி போன பிறகு சவுலிடம் மிச்சமென்ன? மிச்சமிருந்தது அவன்மேல் கடவுள் வைத்த உரிமை. அவனைத் தீர்ப்பிடுவது கடவுளின் வேலை என்று தாவீது விட்டுவிட்டான்.

இந்தக் காட்சியை மேடைகளில் காட்டி, "அபிஷேகம்பண்ணப்பட்ட ஊழியரைத் தொடாதே, குறை பேசாதே" என்று சபை மக்களை அடக்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. காணிக்கைக் கணக்குக் கேட்டால் இந்த வசனம் வருகிறது. புகார் சொன்னால் இந்த வசனம் வருகிறது. ஆனால் அந்தக் குகைக் காட்சி வரும் அதே அதிகாரத்தில் (1 சாமுவேல் 24) தாவீது குகையை விட்டு வெளியே வந்து, சவுல் செய்த அநியாயத்தை முகத்துக்கு நேரே சொல்கிறான். தாவீது அரசனானபின் அவன் பாவத்தைத் தீர்க்கதரிசி நாத்தான் நேருக்கு நேர் நின்று சொன்னான். தொடாதே என்றால் கொல்லாதே என்பது பொருள், கேட்காதே என்பது அல்ல. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்று வரும் 105-ஆம் சங்கீதத்தின் இடம் இன்னும் தெளிவு. அங்கே பேசப்படுபவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். சொந்த நிலமில்லாமல், சொற்ப எண்ணிக்கையில், ஊர் ஊராக அலைந்தவர்கள். எச்சரிக்கப்படுபவர்கள் ராஜாக்கள். பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காக்க வந்த வசனத்தைத் தலைகீழாக்கி, மேடையில் இருப்பவருக்குக் கேடயமாக்கியிருக்கிறார்கள். இது சின்னப் பிழை அல்ல, ஆட்களைக் காயப்படுத்தியிருக்கும் பிழை.

ஐரோப்பிய அரசர்களும் இந்தச் சடங்கை எடுத்துக்கொண்டார்கள். 672-இல் ஸ்பெயினின் தொலேதோவில் விசிகோத் மன்னன் வம்பா, 751-இல் பிராங்கு நாட்டுப் பெப்பின், 2023-இல் மூன்றாம் சார்லஸ்வரை வரிசை நீளும். அதில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1804 டிசம்பர் 2 அன்று பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் நெப்போலியன் கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் அதே சடங்கில் ஏழாம் பயஸ் பாப்பரசர் அவருக்கு எண்ணெய் பூசினார். கிரீடத்தைத் தானே சூடிக்கொண்டவரும் எண்ணெய்க்கு இன்னொருவர் கைக்குக் காத்திருந்தார்.

பெத்தானியா வீட்டில்

கிறிஸ்து என்ற பட்டத்துக்கே அபிஷேகம் பெற்றவர் என்றுதான் பொருள். அந்த இயேசுவுக்கு எந்த ஆசாரியனும் எண்ணெய் வார்க்கவில்லை. யோர்தானில் இறங்கியது ஆவி. நாசரேத்து ஜெபஆலயத்தில் ஏசாயா சுருளை விரித்து, தரித்திரருக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கத் தாம் அபிஷேகம் பெற்றதாக அவர் வாசித்தார். அவர் உடலில் பட்டதாகச் சுவிசேஷங்கள் சொல்லும் தைலமெல்லாம் பெண்கள் ஊற்றியது. மாற்கு 14-இல் பெத்தானியாவில் பெயர் சொல்லப்படாத ஒரு ஸ்திரீ வெள்ளைக்கல் பரணியை உடைத்துத் தலையில் ஊற்றுகிறாள். யோவான் 12-இல் மரியாள் பாதங்களில் பூசுகிறாள். ஒரு இராத்தல் நளதம், ரோமக் கணக்கில் 330 கிராமுக்குச் சற்றுக் குறைவு. விலை 300 பணம், அதாவது கூலிக்காரனின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம்.

அந்த விலைக்குக் காரணம் தூரம். நளதம் இமயமலையில் விளையும் சடாமாஞ்சில் வேரிலிருந்து வருவது. கங்கைக் கரைக்கு இறங்கி, அங்கிருந்து தெற்கே வந்து, சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் கப்பலேறி, செங்கடல் வழியாக எகிப்துக்குப் போனது. இப்போது வியன்னாவில் இருக்கும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில், முசிறியிலிருந்து திரும்பிய எர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குப் பட்டியலில் 60 பெட்டி கங்கை நளதம் இருக்கிறது. பெத்தானியாவில் உடைந்த பரணியின் தைலமும் பெரும்பாலும் அந்தத் தடத்தில் சென்றதாகவே இருக்கும். சீஷர்கள் வீண்செலவு என்று முறுமுறுத்தார்கள். இயேசு அவளை விட்டுவிடுங்கள் என்றார்; என் அடக்கத்துக்கு முன்னதாகவே இதைச் செய்தாள் என்றார். அரசனுக்கும் ஆசாரியனுக்கும் பதவி தொடங்கும்போது வார்த்த எண்ணெயை, சாகப்போகிறவராக அவர் ஏற்றுக்கொள்கிறார்.

ஆதித்திருச்சபை இதை ஞானஸ்நானத்தில் எல்லாருக்கும் பகிர்ந்தது. 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், தண்ணீரிலிருந்து ஏறியதும் எண்ணெய் பூசப்படுவதை ஆரோனின் அபிஷேகத்தோடு சேர்த்துச் சொல்கிறார். எருசலேமின் சிரில் பெயரில் உள்ள 4-ஆம் நூற்றாண்டு உரைகளில் இரண்டு எண்ணெய்கள்: முழுகும் முன் உச்சியிலிருந்து பாதம்வரை ஓர் எண்ணெய், முழுகிய பின் நெற்றி, காது, மூக்கு, மார்பு ஆகிய இடங்களில் மூரோன். சிரியாவில் முக்கிய எண்ணெய் தண்ணீருக்கு முன்பே வந்தது. அப்போஸ்தலன் தோமா இந்தியாவில் மன்னன் கொந்தாபோருக்கு எண்ணெய் வார்ப்பதாகச் சொல்லும் 'தோமாவின் நடபடிகள்' என்ற பழைய நூலில் அந்தச் சிரியப் பழக்கம் தெரிகிறது. எந்த ஊரில் எந்த வரிசை என்றாலும், அடிமையும் சலவைக்காரியும் பெற்றது ஆரோனுக்கு வார்த்த அதே அபிஷேகம். "நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம்பெற்று" என்று 1 யோவான் சொல்வது சபை முழுவதையும் பார்த்துத்தான். சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு என்ற பேச்சுக்கு அந்த நிருபத்தில் இடமே இல்லை.

நோயாளியின் எண்ணெய் எப்படிச் சாவின் எண்ணெயானது

இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது இந்தத் திருப்பம்தான். யாக்கோபு நிருபம் சொல்வது இது: "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக, அவர்கள் கர்த்தருடைய நாமத்தினாலே அவனுக்கு எண்ணெய் பூசி, அவனுக்காக ஜெபம்பண்ணக்கடவர்கள்." வியாதிப்பட்டால் என்று இருக்கிறது, சாகக்கிடந்தால் என்று இல்லை. அழைப்பவனும் நோயாளியே, ஆள் அனுப்பும் அளவுக்கு அவனுக்கு நினைவு இருக்கிறது.

416-இல் கூபியோ நகர ஆயர் தெசென்சியுஸ் கேட்ட சந்தேகங்களுக்கு முதலாம் இன்னசென்ட் பாப்பரசர் எழுதிய பதில் நம்மிடம் இருக்கிறது. நோயாளிக்கான எண்ணெயை ஆயர் மந்திரிக்க வேண்டும். ஆனால் அதைக் குருக்கள் மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவர்களும் தங்களுக்கோ தங்கள் வீட்டாருக்கோ வரும் தேவைக்குப் பூசலாம் என்கிறார். அடுத்த நூற்றாண்டில் ஆர்ல் நகரின் ஆயர் செசாரியுஸ், நோய் வந்தால் மந்திரவாதியிடம் ஓடாமல் கோயிலுக்கு வந்து மந்திரித்த எண்ணெயைப் பூசிக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் மன்றாடுகிறார். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் வீட்டு மாடத்தில் இருந்த எண்ணெய் அது.

அங்கிருந்து மரணப்படுக்கைக்கு எப்படிப் போனது? காரணம் எண்ணெயில் இல்லை, பாவமன்னிப்பு முறையில் இருந்தது. பழைய முறையில் பகிரங்கப் பாவப்பரிகாரம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதை ஏற்றவர் அதன்பின் தாம்பத்தியம், படைச்சேவை, பொதுப்பதவி எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விட வேண்டும். யார் ஏற்பார்கள்? எல்லாரும் சாகும் தறுவாய்க்குத் தள்ளிப்போட்டார்கள். 506-இல் ஆக்தே நகரில் கூடிய ஆயர் மன்றமே இளைஞர்களுக்கு அதை எளிதில் கொடுக்க வேண்டாம் என்றது. பாவநிலையில் உள்ளவருக்கு எண்ணெய் பூசக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. ஆக, பாவப்பரிகாரம் படுக்கைக்குப் போனதும் பூசுதலும் அதன் பின்னாலேயே போனது. 9-ஆம் நூற்றாண்டில் பிராங்கு அரச வம்சத்தின் ஆதரவில் நடந்த கரோலிஞ்சியச் சீர்திருத்தம் பூசுதலைக் குருக்களின் கையில் மட்டும் வைத்து, மரணச் சடங்குகளோடு சேர்த்துக் கட்டியது. 12-ஆம் நூற்றாண்டு இறையியலாளர்கள் 'இறுதிப் பூசுதல்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

பயமும் சேர்ந்து வந்தது. பூசுதல் பெற்றுப் பிழைத்தவர் இனி இறைச்சி உண்ணக் கூடாது, மனைவியோடு கூடக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்ற நம்பிக்கை இடைக்கால ஐரோப்பாவில் பரவியது. உயிரோடு இருக்கும் பிணம் மாதிரி. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மறைமாவட்ட மன்றங்கள் இது பொய் என்று திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவித்தும் மக்கள் தாமதிப்பதை நிறுத்தவில்லை. புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1520-இல் யாக்கோபின் வசனத்தை வைத்தே இந்த வழக்கத்தைத் தாக்கினார்: அது நோயாளி எழுந்திருக்கும்படி சொல்கிறது, நீங்கள் எழுந்திருக்கவே முடியாதவருக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். அந்த இடத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் எண்ணெயையே விட்டுவிட்டன. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549 ஜெபப்புத்தகத்தில் நோயாளி கேட்டால் பூசலாம் என்று இருந்தது; 1552 பதிப்பில் அது இல்லை. 1551-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தின் வரைவு 'சாகும் தறுவாயில் இருப்பவர்க்கு மட்டும்' என்றது. இறுதி வாசகத்தில் 'மட்டும்' போய், 'சிறப்பாக' என்ற சொல் வந்தது. அந்த ஒரு சொல் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டுமான திருவருட்சாதனம் அல்ல என்று சொல்ல முடிந்தது. 1972 நவம்பர் 30 அன்று ஆறாம் பவுல் பாப்பரசர் புதிய முறையை வெளியிட்டார். பெயரும் நோயில் பூசுதல் என்று மாறியது. 50 ஆண்டு தாண்டியும் நம் வீடுகளில் இன்னும் வழங்குவது பழைய பெயர், அவஸ்தைப் பூசுதல்.

கட்டிலருகே நடப்பது

பழைய முறையில் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஐம்புலன்களின் பாவத்தையும் எண்ணிப் பூசுவார்கள். 1972-க்குப் பிறகு நெற்றியும் இரு கைகளும் போதும். கட்டிலருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவத்தி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தடையில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் அது முதலில். அப்போது வீட்டார் வெளியே போய்விட வேண்டும். ஒரு சிறு வாசகம், மன்றாட்டு. பிறகு குரு எதுவும் பேசாமல் நோயாளியின் தலைமேல் கைகளை வைப்பார். அவசரத்தில் பலர் சுருக்கிவிடும் இந்த மௌனம் யாக்கோபு சொன்ன மூப்பர்களின் ஜெபம், சுருக்கக் கூடாதது. நெற்றியில் பூசும்போது, ஆண்டவர் தூய ஆவியின் அருளால் உமக்கு உதவுவாராக என்ற கருத்தில் ஒரு வாக்கியம். கைகளில் பூசும்போது, பாவத்திலிருந்து விடுவித்து உம்மை எழுப்புவாராக என்ற கருத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நோயாளி 'ஆமென்' சொல்ல வேண்டும். சடங்கில் அவர் பங்கு அதுதான். மயங்கியபின் கூப்பிட்டால் அந்தப் பங்கை அவரிடமிருந்து பறிக்கிறோம்.

பாப்பரசரே நோயுற்றாலும் தமக்குத் தாமே இதைப் பூசிக்கொள்ள முடியாது. இன்னொரு குரு வந்துதான் ஆக வேண்டும். தன் அபிஷேகத்தைப் பற்றித் தானே பேசும் எந்த ஊழியரும் யோசிக்க வேண்டிய ஏற்பாடு இது.

எண்ணெய் விஷயத்தில் தவறுகள் ஒரே மாதிரித்தான் வருகின்றன. கோயிலில் மூன்று எண்ணெய்கள் இருக்கும்: கிறிஸ்மா, நோயாளர் எண்ணெய், ஞானஸ்நானத்துக்கு முன் பூசும் ஆயத்த எண்ணெய். சிமிழ்களின் எழுத்து தேய்ந்துபோய் மாறிவிடுவது உண்டு. கிறிஸ்மாவுக்குப் பதில் வேறெதையாவது பூசினால், ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதல் செல்லாது. மணம் உள்ளது கிறிஸ்மா ஒன்றுதான், முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். சிமிழுக்குள் பஞ்சு வைத்திருந்தால் அது எண்ணெயைக் குடித்துக் காய்ந்து மஞ்சளாகி, ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் வைத்த ஒலிவ எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். எனவே இருட்டான அலமாரி, இறுக்கமான மூடி, ஆண்டுக்கு ஒருமுறை புது எண்ணெய். பழையதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. பீடவிளக்கில் ஊற்றியோ பஞ்சில் ஏற்றியோ எரித்துவிட வேண்டும். ஒலிவ எண்ணெய் கிடைக்காவிட்டால் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஆகும், தாவர எண்ணெயாக இருந்தால் சரி. நெருக்கடியில் எந்தக் குருவும் சடங்கின் உள்ளேயே அதை மந்திரிக்கலாம். கடைகளில் 'அபிஷேக எண்ணெய்' என்று விற்கும் குப்பிகளில் அடிப்படை எது என்று பாருங்கள். கனிம எண்ணெயில் வாசனை சேர்த்தது என்றால் இதற்கு ஆகாது. அதைக் குடிக்கச் சொல்லி யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நெற்றி முழுக்கப் பிளாஸ்திரி இருந்தால் உடலில் வேறு ஓரிடத்தில் ஒருமுறை பூசினாலே போதும். தொற்றுநோய் என்றால் பஞ்சுக்குச்சி வைத்துப் பூசி, பின் எரித்துவிடலாம். இறந்தவருக்குப் பூசுவதில்லை, ஜெபம் மட்டும். உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் பூசலாம். பிழைத்து எழுந்து மீண்டும் நோயுற்றாலோ, அதே நோய் முற்றினாலோ, மறுபடியும் பெறலாம். சாகும் தறுவாய்க்கு என்று உண்மையில் திருச்சபை வைத்திருப்பது வழியுணவு என்ற கடைசி நற்கருணை. அதையும் இதையும் ஒன்றாக்கிக்கொண்டதில்தான் பாதிப் பயம்.

ஆகவே பெரிய அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்றே பங்குக்குச் சொல்லிவிடலாம். புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும்போது, முதுமையில் உடல் தளரத் தொடங்கும்போது, தயங்காமல் கேட்கலாம். கூப்பிடும்போது நான்கு விவரம் தேவை: வார்டும் படுக்கை எண்ணும், பார்வையாளர் நேரம், நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, அவரால் விழுங்க முடியுமா. கடைசிக் கேள்வி நற்கருணைக்காக. முடியாவிட்டால் அப்பத்தின் சிறு துண்டோ, ஒரு துளி இரசமோ கொடுக்கக் குரு தயாராக வருவார். கூடுமானால் போனை நோயாளியிடமே கொடுங்கள். வரவழைப்பது நோயாளிதான் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார்.